பயில்வானும் சிட்டும்

என் மனைவி யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். எங்கள் கடைக்குக் கேமரா வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் இரண்டு மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே, "கையைக் காட்டுங்க" என்பாள். சிலர் கைக்குட்டையால் துடைத்துவிட்டு நீட்டுவார்கள். சிலர் நகத்தை மடக்கிக்கொள்வார்கள். ஒருவர், "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க" என்று முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "வெளிநாட்டு யோகம் ஏதாவது இருக்கா பாருங்க" என்று கேட்டார்.

கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்தான் அவளுக்கு 'ரேகைக்காரம்மா' என்று பெயர் வைத்தது. "கீழ நான் கண்ணைப் பாக்குறேன், மேல அந்தம்மா கையைப் பாக்குது. நடுவுல ஒரு பல் டாக்டர் வந்துட்டா கட்டடம் முழுசாயிடும்" என்பார். பன்னிரண்டு வருஷமாக இதே நகைச்சுவைதான். நானும் பன்னிரண்டு வருஷமாகச் சிரித்து வைக்கிறேன். கரண்ட் போனால் அவருடைய ஜெனரேட்டரிலிருந்துதான் எங்களுக்கு ஒயர் வருகிறது.

இந்தக் கை பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், செருப்புக் கடையிலிருந்து. கடை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய செருப்புக் கடையில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தாள். நாள் முழுக்கக் குனிந்து, மனிதர்களின் கட்டை விரலை அழுத்திப் பார்க்கிற வேலை. நானே அங்கே ஷூ வாங்கப் போய்த்தான் அவளிடம் மாட்டிக்கொண்டேன். நான் கேட்ட ஷூவைக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "இது உங்களுக்குச் சேராது. ரெண்டு நாள்ல கொப்புளம் வரும்" என்று வேறொன்றை எடுத்து மாட்டிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. மூன்று வருஷம் அந்த ஷூ உழைத்தது. கோபம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. செருப்பு கடித்தால் செருப்பின் மேல் தப்பில்லை, வாங்கியவர் மேலும் தப்பில்லை, எடுத்துக் கொடுத்தவள் மேல்தான் தப்பு. அதைக் கேமராவுக்கும் அப்படியே கொண்டுவந்துவிட்டாள். கடை திறந்த முதல் வாரத்தில் ஒரு கல்லூரி மாணவரிடம், "இந்தக் கேமரா உங்க கையைக் கடிக்கும் தம்பி" என்றாள். அவர் வாடகை கூடுதல் என்று நினைத்துக்கொண்டு பேரம் பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் பின்பக்கம் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே உட்கார்ந்திருப்பேன். பழுது பார்ப்பதும் சுத்தம் செய்வதும் என் பொறுப்பு. கடற்கரைக்குக் கொண்டுபோய் மணலோடு திருப்பிக் கொடுப்பவர்கள், பிறந்த நாள் கேக்கின் க்ரீமை ஷட்டர் பட்டனில் பூசிக் கொண்டுவருபவர்கள், லென்ஸைச் சட்டை நுனியால் துடைப்பவர்கள் என்று எனக்கு எதிரிகள் மூன்று வகை. என் குரல் தடுப்பைத் தாண்டி வெளியே கேட்கும். "உள்ள ஒருத்தர் இருக்கார், கண்டுக்காதீங்க. கடிக்க மாட்டார்" என்று அவள் வாடிக்கையாளர்களைச் சமாதானப்படுத்துவாள்.

அலமாரியில் பதினான்கு கேமராக்கள் இருந்தாலும் தினமும் வெளியே போய் வருவது இரண்டுதான். இரண்டும் உள்ளே கண்ணாடி ஏறி இறங்கும் டிஎஸ்எல்ஆர். பெரியதற்குப் பயில்வான் என்றும் சின்னதற்குச் சிட்டு என்றும் அவள்தான் பெயர் வைத்தாள்.

பயில்வான் லென்ஸோடு சேர்த்து இரண்டு கிலோ. பிடி ஆழமானது, நாலு விரலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆள்காட்டி விரலுக்கு ஒரு சக்கரம், கட்டை விரலுக்கு ஒரு சக்கரம். எல்லாவற்றுக்கும் வெளியிலேயே பட்டன் இருக்கிறது, மெனுவுக்குள் போய்த் தேட வேண்டாம். பழகியவர்கள் கண்ணை எடுக்காமலே வெளிச்சத்தைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். பட்டனை அழுத்திப் பிடித்தால் துணி கிழிகிற சத்தத்தில் நொடிக்கு எட்டுப் படம் எடுத்துத் தள்ளும். இருட்டிலும் ஓடுகிற ஆளை விடாமல் பிடிக்கும். ஆனால் இடது கை லென்ஸுக்கு அடியில் முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு தரையைப் பார்க்கக் கவிழ்ந்துவிடும்.

சிட்டு அதில் நாலில் ஒரு பங்கு. பெரிய கைக்காரர்கள் பிடித்தால் சுண்டு விரலுக்கு இடம் இருக்காது, கீழே தொங்கும். சக்கரம் ஒன்றே ஒன்று, அதனால் வெளிச்சத்தை மாற்றக் கட்டை விரலால் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். வேகம் குறைவு, பாட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் பின்பக்கத் திரை கதவு மாதிரி வெளியே திறக்கும். திருப்பி வைத்துக்கொண்டு வயிற்றுக்கு நேராகப் பிடித்துக் குனிந்து பார்த்துப் படம் எடுக்கலாம். நாள் முழுக்கக் கழுத்தில் கிடந்தாலும் கிடப்பதே தெரியாது.

எதை யாருக்குக் கொடுப்பது என்பதில் என் மனைவியிடம் மூன்று கேள்விகள் உண்டு. என்ன எடுக்கப் போறீங்க? எவ்வளவு நேரம் நிக்கணும்? கையைக் காட்டுங்க. அவ்வளவுதான். ஆளின் உருவத்தைப் பார்த்து ஏமாற மாட்டாள். ரொட்டிக் கடையில் மாவு பிசையும் ஒரு பெண் வாரம் தவறாமல் வருவாள். என் தோள் உயரம்கூட இருக்க மாட்டாள். தன் தங்கையின் கைப்பந்து அணியைப் படம் எடுக்கிறவள். அவளுக்குப் பயில்வான். "இந்தக் கை தினமும் முப்பது கிலோ மாவைப் புரட்டுது. பயில்வான்தான் இவளைப் பாத்துப் பயப்படணும்" என்பாள் என் மனைவி. அதே சமயம், உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து நேராக வந்த மாதிரி இருந்த ஒரு இளைஞர், நண்பன் கல்யாணத்தில் கெத்தாகத் தெரிய வேண்டும் என்று பயில்வானைக் கேட்டு ஒற்றைக் காலில் நின்றார். இவள் சிட்டைத்தான் கொடுத்தாள். அவர் கை முழுக்கச் சதை, விரல் மட்டும் குட்டையாம்.

பன்னிரண்டு வருஷத்தில் ஒருவர்கூடத் திரும்பி வந்து, "மாத்திக் கொடுத்துட்டீங்க" என்று சொன்னதில்லை. அவளுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் குழம்பில் உப்பு கூடியிருக்கிறது என்றால் ஒப்புக்கொள்வாள். கடையில் தப்பு என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். ஒப்புக்கொள்ள வேண்டிய சந்தர்ப்பமும் வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கிரேன் ஓட்டுநர் வந்தார். முப்பது வயசு இருக்கும். கட்டட வேலையில் இருக்கிறவர், சட்டையில் சிமென்ட் தூசி. தலை வாசல் நிலையில் இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார்.

"என்ன எடுக்கப் போறீங்க தம்பி?"

"என் பொண்ணு நடக்குறதைங்க."

"எங்க, மேடையிலயா?"

"இல்லைங்க அக்கா. சும்மா. நடக்குறதை."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பெண்ணுக்கு நாலு வயசு. பாதம் இரண்டும் உள்பக்கம் மடங்கிப் பிறந்தவள். மூன்று ஆபரேஷன் ஆகி, கட்டுப் பிரித்து, எட்டு மாதமாக ஆஸ்பத்திரியில் வாரம் அரை மணி நேரம் நடைப் பயிற்சி. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டும் நடக்கிறாள். வியாழக்கிழமை அவள் தனியாக நடந்துவிடுவாள் என்று பயிற்சி கொடுக்கிற அம்மா சொல்லியிருக்கிறார்களாம். குழந்தையின் அம்மா வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஆபரேஷன் செலவுக்காகத்தான் போயிருக்கிறாள். அடுத்த விடுமுறைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

"போன்ல எடுக்கலாமே தம்பி?"

"எடுத்தேங்க. அந்த ரூம்ல வெளிச்சம் கம்மி. பாப்பா அசைஞ்சா எல்லாம் இழுத்துக்கிட்டுப் போன மாதிரி வருது. வீடியோ அனுப்புறேன்னு சொன்னேன். வீடியோ வேணாங்குறா. 'அது ஓடி முடிஞ்சிடும், எனக்குக் கட்டில் பக்கத்துல சுவத்துல ஒட்டி வைக்க ஒரு போட்டோ வேணும்'ங்குறா."

என் மனைவி, "கையைக் காட்டுங்க" என்றாள்.

வலது கையை நீட்டினார். அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. தடுப்புக்குள்ளிருந்து எழுந்து வந்து பார்த்தேன். நாள் முழுக்க லீவரைப் பிடிக்கிற கை. பெரியது, ஆனால் நடுக்கமே இல்லை. என் மனைவியின் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. இருட்டான அறை, அசைகிற குழந்தை, அரை மணி நேரம், இந்தக் கை. எந்தப் பக்கம் கூட்டினாலும் விடை பயில்வான்தான். நானாக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன். எல்லாவற்றையும் சரிசெய்து, இந்தப் பட்டனைத் தவிர வேறு எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் திருப்பிக் கொண்டுவந்தார். அவ்வளவு சுத்தமாக யாரும் திருப்பித் தந்ததில்லை. பையைக் கூடத் துடைத்திருந்தார்.

"பாப்பா நடந்தாளா?" என்றாள் என் மனைவி.

"கேமரா நல்லா இருந்துச்சுங்க அக்கா" என்றார்.

கேட்டது ஒன்று, பதில் வேறொன்று. என் மனைவி விடுவாளா? "படத்தைக் காட்டுங்க தம்பி" என்றாள். அவர் தயங்கினார். நான் கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். அறுபது, எழுபது படம் இருந்தது. தரை. தரை. அவருடைய பூட்ஸ். சுவரோரம் கிடந்த ஒரு பந்து. மறுபடி தரை. ஒரு படத்தில் குழந்தையின் காதும் பாதிக் கன்னமும். அதற்கு அடுத்த படத்தில், கலங்கலாக, ஒரு தடித்த விரலும் அதைச் சுற்றி இறுக்கிப் பிடித்த ஒரு குட்டிக் கையும். கடைசிப் படம் மட்டும் தெளிவாக, நேராக, கச்சிதமாக இருந்தது. அதில் குழந்தை தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஒத்தைக் கையில தூக்க முடியலைங்க" என்றார் அவர். "இடது கையை அவ புடிச்சிருந்தா. பாதி ரூம் வந்துட்டோம். பயிற்சி அம்மா, 'இப்ப விடப் போறா, எடுங்க, எடுங்க'ன்னாங்க. நான் ரெண்டு கையாலயும் புடிக்கலாம்னு விரலை உருவிட்டேன். கேமராவை முகத்துக்கு நேரா தூக்கினேன். அவ்வளவுதான், உக்காந்துட்டா. என் மூஞ்சியைக் காணோமேன்னு அழுதா. அதுக்கப்புறம் கம்பியைப் புடிச்சுக்கூட நடக்க மாட்டேன்னுட்டா. கேமராப் பையைப் பாத்தாலே அழுவுறா."

யாரையும் குறை சொல்கிற குரல் இல்லை அது. தன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்களாம், அன்றைக்குக் கேமரா இல்லாமல் போய்ப் பார்க்கிறேன், போட்டோவெல்லாம் வேண்டாம், அவள் நடந்தால் போதும் என்றார். "அவ அம்மாகிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியலை. கட்டில் பக்கத்துல இடம் ஒதுக்கி வச்சிருக்கா."

என் மனைவி அந்த விரலும் கையும் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளோடு இருபத்து நாலு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவள் முகம் அப்படிச் சுண்டிப்போய் நான் பார்த்ததில்லை.

"தப்பு என்னோடது தம்பி" என்றாள். "நான் ஒரு கையைத்தான் பாத்தேன். இன்னொரு கை என்ன செய்யும்னு கேக்கலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உப்பைத் தவிர வேறு எதற்கும் அவள் தப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு நடந்ததுதான் எங்கள் கடையின் மானக்கேடு. கதவில் 'பத்து நிமிடத்தில் வருகிறோம்' அட்டையைத் தொங்கவிட்டாள். சிட்டை எடுத்து அவருடைய வலது கையில் வைத்தாள். வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏங்க, இங்க வந்து இவர் விரலைப் புடிங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நீங்கதான் பாப்பா."

எனக்கு ஐம்பத்து மூன்று வயசு. தொப்பையைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. அவர் இடது கையின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு கல்லாவிலிருந்து ஜன்னல் வரைக்கும் தத்தித் தத்தி நடந்தேன். "இன்னும் குள்ளமா!" என்றாள். முழங்காலை மடக்கிக்கொண்டு நடந்தேன். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எதற்கோ மேலே வந்தவர், கதவுக் கண்ணாடி வழியாக இதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் கீழே இறங்கிப் போனார். அன்று அவருக்குப் புது நகைச்சுவை கிடைத்துவிட்டது.

முதல் நடையிலேயே சிட்டும் கடித்தது. அவருடைய ஆள்காட்டி விரல் ஷட்டர் பட்டனையும் பக்கத்தில் இருந்த ஆன்-ஆஃப் சுவிட்சையும் சேர்த்து அமுக்கியது. கேமரா அணைந்துபோனது. இரண்டாவது முறையும் அணைந்தது.

"எங்க கடிக்குது தம்பி?"

"விரல் நுனியிலங்க. எது பட்டன்னு தெரிய மாட்டேங்குது."

இது என் இலாகா. சுவிட்சை ஆன் நிலையில் வைத்து அசையாமல் டேப் ஒட்டினேன். ஷட்டர் பட்டன் மேல் ஒரு சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினேன், தொட்டாலே தெரியும். அடுத்த சிக்கல், சிட்டின் திரையைப் பார்த்துக்கொண்டு எடுத்தால் அது குழந்தையைத் தேடித் தேடி ஃபோகஸ் செய்வதற்குள் குழந்தை பள்ளிக்கூடமே சேர்ந்துவிடும். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற குழந்தை எப்போதும் ஒரே தூரத்தில்தான் இருப்பாள். அப்புறம் தேட வேண்டிய அவசியம் என்ன? லென்ஸை அகலமாக வைத்து, அவர் கை நீளத்துக்கு ஃபோகஸைக் கையால் வைத்து, வளையம் திரும்பாமல் அதையும் டேப்பால் ஒட்டினேன். எனக்கே என்னைத் தட்டிக் கொடுக்கலாம் போல இருந்தது.

"திரையை வெளிய திருப்பி வயித்துக்கிட்ட வச்சுக்குங்க" என்றாள் என் மனைவி. "முகத்துக்குத் தூக்கவே தூக்காதீங்க. அவளுக்கு உங்க விரலும் வேணும், மூஞ்சியும் வேணும். படத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க, அவளைப் பாத்துச் சிரிச்சிக்கிட்டே அமுக்கிக்கிட்டே இருங்க."

"ரெண்டு கையும் ரெண்டு வேலை செய்யணுமே அக்கா."

"கிரேன்ல என்ன செய்றீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். பிறகு முதல் முறையாகச் சிரித்தார். கிரேனில் இடது கை ஒரு லீவரால் கிரேனின் நீண்ட கரத்தைத் திருப்பும், வலது கை இன்னொன்றால் சுமையை இறக்கும், கண் அந்த இரண்டு லீவரையும் பார்க்காமல் கொக்கியைப் பார்க்கும். எட்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார். அடுத்த நடையில் நான் படத்தில் நன்றாக விழுந்தேன். எல்லாப் படமும் என் தொப்பையோடு தெளிவாக வந்திருந்தது.

சிட்டை அப்போதே கையோடு கொடுத்து அனுப்பினாள். ஒரு வாரமும் வீட்டில் வைத்திருக்கட்டும், குழந்தை அதை விளையாட்டுச் சாமான் மாதிரி தொட்டுப் பார்க்கட்டும் என்றாள். அந்த வாரம் சிட்டைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்றாள். நடுவில் நான், "வேணும்னா வியாழக்கிழமை நீயே பயில்வானைத் தூக்கிக்கிட்டுப் போய், கதவுப் பக்கமா நின்னு எடேன்" என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியாத ஆள் எட்டிப் பாத்தா அந்தக் குழந்தை நடக்குமா? நீங்க நடப்பீங்களா?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் அவளை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியவில்லை. மாவு பிசையும் பெண்ணுக்குப் பயில்வானைக் கொடுத்து, சிட்டின் மாற்று பாட்டரியை வைத்து அனுப்பிவிட்டாள். அந்தப் பெண் பாதிப் படியிலிருந்து திரும்பி வந்தாள். ஒருவர் உள்ளே வந்து, "முக்காலி இருக்குங்களா?" என்று கேட்டதற்கு, "இன்னொரு கை என்ன செஞ்சிக்கிட்டு இருக்கும்?" என்று கேட்டாள். அவர் மிரண்டு போய்த் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் அது அவளுடைய நாலாவது கேள்வியாக இருந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கும் யாருக்கும் புரிவதில்லை.

பன்னிரண்டு மணிக்குப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கிரேன் ஓட்டுநர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து உள்ளே வந்தார். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. குழந்தையைக் கல்லா மேசையில் உட்காரவைத்தார். காலில் வெள்ளைப் பட்டையோடு பெரிய ஷூ போட்டிருந்தாள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தத் தாத்தாதான் நடந்தாரா?" என்று அப்பாவிடம் கேட்டாள். தாத்தா என்றதை நான் கண்டுகொள்ளவில்லை.

"நீ நடந்தியா?" என்றாள் என் மனைவி.

"அஞ்சு வாட்டி" என்று விரலை விரித்துக் காட்டினாள். நாலு விரல்தான் விரிந்தது.

என் மனைவி அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். நான் கார்டைப் போடுகிற சாக்கில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு, மேலே அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி குழந்தை. தலைக் கிளிப்பில் இருந்த பூவின் இதழைக்கூட எண்ணிவிடலாம் போலத் தெளிவு. டேப் ஒட்டிய தூரம் ஒரு மயிரிழை பிசகவில்லை. முப்பத்தெட்டுப் படம் அப்படி. முப்பத்தொன்பதாவதில் குட்டிக் கை விரலிலிருந்து பிரிந்திருந்தது. நாற்பதில் அவள் ஓரடி முன்னால். நாற்பத்தொன்றில் இன்னும் ஓரடி. நாற்பத்து மூன்றில் முதுகு தெரிய, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, கதவோர மிதியடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

போகப் போகப் படம் மங்கிக்கொண்டே போனது. விரலைப் பிடித்திருக்கிற வரைக்கும்தானே ஒரே தூரம்? விட்டுவிட்டு நடந்தால் தூரம் கூடும் என்பது எந்த மடையனுக்கும் தெரியும். டேப் ஒட்டிய இந்த மடையனுக்குத் தோன்றவில்லை. ஒரு வாரம் முன்னால் என் மனைவி செய்த அதே காரியத்தை நானும் செய்து வைத்திருந்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எப்ப விட்டான்னு எனக்கே தெரியாதுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் அவ மூஞ்சியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கொக்கியில இருந்து சுமை இறங்கினா லீவர்ல தெரியும் பாருங்க, அந்த மாதிரி விரல்ல கனம் இல்லாம போச்சு. அப்புறம்தான் பாத்தேன், முன்னால போய்க்கிட்டு இருக்கா. கை மட்டும் பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்திருக்கு."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "தம்பி, தப்பு என்னோடது. தூரத்தைக் கட்டிப் போட்டுட்டேன். அதனால அவ விட்டதுக்கு அப்புறம் எடுத்தது எல்லாம் கலங்கிடுச்சு. ஆனா முப்பத்தொண்ணாவது படம் பிரமாதமா இருக்கு. மூஞ்சி, சிரிப்பு, எல்லாம் தெளிவு. அதைப் பெருசா போட்டுத் தர்றேன், உங்க வீட்டுக்காரம்மா பாத்தா சந்தோஷப்படுவாங்க."

முப்பத்தொன்றைத் திரை முழுக்க வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். நல்ல படம் என்று தலையாட்டினார். பிறகு, "அந்தக் கடைசியைக் காட்டுங்க" என்றார்.

நாற்பத்து மூன்றைக் காட்டினேன். கலங்கலாக, முகம் தெரியாமல், ஒரு குழந்தையின் முதுகு. கிளிப் ஒரு பொட்டு மாதிரி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை அழைத்து வந்து காட்டினால் உடனே பவரை மாற்றச் சொல்வார்.

"இதுதான் வேணும்" என்றார் அவர்.

"தெளிவா இல்லையே தம்பி?" என்றாள் என் மனைவி.

"பரவாயில்லைங்க அக்கா" என்றார். திரையில் விரிந்திருந்த அந்த இரண்டு குட்டிக் கைகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "இதுல அவ கையில யார் விரலும் இல்லை."

அதையே பெரிதாகப் போட்டுக் கொடுத்தோம்.